வெள்ளை அட்டைக்கு யாருமில்லை

சிகந்தராபாத்துக்குப் பக்கத்தில், சனத்நகரில், லேத் பட்டறைகளுக்கும் பழைய போல்ட் கம்பெனி ஒன்றுக்கும் நடுவில் ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. 'முத்துறை ஒருங்கிணைப்பு ஆய்வு மையம்' என்று மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், இங்கே வண்டி நிறுத்தாதீர்கள் என்று இன்னொரு பலகை. ஜனங்கள் இரண்டாவதை மட்டும் படிப்பார்கள். படித்து முடித்து வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் போவார்கள்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இவை மூன்று தனித்தனி ஆய்வகங்கள். மருத்துவத்துக்கு ஒன்று, செடிகொடிக்கு ஒன்று, களிமண், உலோகம், பிளாஸ்டிக் மாதிரியான பொருட்களை ஆராய ஒன்று. மூன்றும் பாடுபட்டு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சரி, சேர்த்துப் போட்டால் கண்டுபிடித்துவிடும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றியது. அப்படியாகக் கீழ்த்தளத்தில் பொருட்பிரிவு, முதல் மாடியில் மருத்துவப் பிரிவு, மொட்டைமாடியில் தாவரப் பிரிவு வந்து உட்கார்ந்தன. இங்கே எந்த ஆராய்ச்சியானாலும் மூன்று தளத்தையும் தொட்டாக வேண்டும் என்பது விதி. அதனால்தான் சிமெண்டில் வளர்த்த வெந்தயத்தை மூட்டுவலிக்குக் கட்டிப் பார்த்தார்கள். வாழைத்தண்டால் பல் அடைத்தார்கள். சிரிக்காதீர்கள். இதை எழுதுகிறவனும் இப்படி ஒரு கட்டடத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவன்தான். வாழைத்தண்டு யோசனை எங்கள் பக்கத்திலிருந்து போனதாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

நம் சிவஞானம் அந்த மையத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிக விஞ்ஞானி. கோவில்பட்டிப் பக்கம். வயது நாற்பத்தொன்று. முதலில் இரண்டு வருஷம், அப்புறம் இரண்டிரண்டு வருஷமாக மூன்று தடவை வேலையை நீட்டித்தாயிற்று, நான்காவது நீட்டிப்புக்கு விதியில்லை. இந்த ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். மனைவி சௌம்யா மாதாப்பூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே மூன்று மாதத்தில் நிரந்தரமாக்கி நான்காம் மாதம் வீட்டுக்கு அனுப்புவார்கள். எனவே வீட்டில் ஒரு சம்பளமாவது ஆடாமல் நிற்கட்டும் என்பது அவளுடைய ஒரே வேண்டுதல். ஒன்பதாவது படிக்கும் மகள் வர்ஷினிக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். "நான்னா, மீரு நிஜங்கா சயின்டிஸ்டேனா?" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேட்டாள். நீங்கள் நிஜமாகவே விஞ்ஞானிதானா என்று பெற்ற பெண் கேட்டால் என்ன சொல்வது? ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.

மாடிப்படித் திருப்பத்தில் உடைந்த மிஷின் ஒன்று நிற்கும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மிஷின். மையம் தொடங்கியபோது வந்தது, இரண்டாம் வாரமே நின்றுபோனது. இருப்புப் பட்டியலில் ஏறிவிட்டதால் அதை யாரும் தொட முடியாது. சிவஞானம் தினமும் அதைத் தாண்டி மேலே போகும்போது, 'உனக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கில்லையே' என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவான்.

அவனுடைய ஆராய்ச்சி வெண்டைக்காய். அரிந்தால் கொழகொழவென்று வருகிறதே, அந்தப் பசையில் காயத்துக்கு ஒரு மருந்துக்கட்டு செய்யலாம் என்பது யோசனை. களிமண்ணை மிக மிக நுண்ணிய துகளாக்கிச் செடி மேல் தெளித்தால் பசை கெட்டியாகும் என்பது அதற்கு மேல் ஒரு யோசனை. களிமண் கீழ்த்தளம், காயம் முதல் மாடி, செடி மொட்டைமாடி. மூன்றும் வந்துவிட்டது. பொருட்பிரிவுத் தலைவர் பிரசாத் விஜயவாடாக்காரர், கிண்டியில் படித்ததால் தமிழ் பேசுவார். அவர் "செடி, காயம் ரெண்டும் எனக்குத் தெரியாது, களிமண் கரெக்டா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். மருத்துவப் பிரிவுத் தலைவர் சபீனா வாணியம்பாடிக்காரர். களிமண் தெரியாது, காயம் சரியாக இருக்கிறது என்று அவரும் போட்டார். தாவரப் பிரிவுக்கு ஆறு வருஷமாகத் தலைவர் இல்லை. இயக்குநர் சந்திரசேகரன் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது இரும்பு துருப்பிடிப்பதில். செடியில் துரு எதுவும் தெரியாததால் அவரும் போட்டுவிட்டார்.

ஜனவரியில் மொட்டைமாடியில் ஆறு வரிசை வெண்டை. மூன்று வரிசைக்கு நீல அட்டை, அதற்குக் களிமண் தெளிப்பு. மூன்று வரிசைக்கு வெள்ளை அட்டை, அதற்கு ஒன்றும் கிடையாது. குழாயில் சொட்டும் தண்ணீர் மட்டும். மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே, அதற்காகச் சும்மா நிற்கிற செடிகள். கண்ட்ரோல் என்பார்கள். தினமும் நீல அட்டையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். வெள்ளையைக் கடைசி நாள் அளந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எண்பத்தேழாம் நாள் அளந்தார்கள். வெள்ளை அட்டைச் செடி நீலத்தைவிட ஒரு முழம் உயரம். பசையோ இரண்டு மடங்கு கெட்டி. சிவஞானம் மூன்று தரம் அளந்தான், பசை அளக்கிற மிஷினைக் குலுக்கிப் பார்த்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அளந்தான். அப்புறம் மூச்சிரைக்க மாடிக்கு ஓடினான்.

மாடியில் கல்பகம் அக்கா மண்ணைக் கொத்திவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் சிகந்தராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்: ஆமாவுக்கு 'ஹவ்', ஏனுக்கு 'கைக்கு', வேண்டாமுக்கு 'நக்கோ'. பதினோரு வருஷமாக அந்த மாடிச் செடிகளை ஒப்பந்தக் கூலியாகப் பார்த்துக்கொள்கிறார்.

"அக்கா, இந்த வெள்ளை அட்டை வரிசைக்கு நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"ஹவ் சார். அரிசி கழுவின தண்ணி ஊத்தினேன்."

"எப்ப?"

"தெனமும்தான். கேண்டீன்ல வீணா கொட்றாங்கல்ல, அத பக்கெட்ல புடிச்சிக்கினு வந்து ஊத்துவேன். வெயில் ஏறிச்சுன்னா பச்ச வலைய அதுங்க பக்கம் இழுத்து வுடுவேன். கைக்கு சார் இப்படி பாக்கறீங்க?"

சிவஞானம் ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அது கண்ட்ரோல். அதுக்கு ஒண்ணுமே செய்யக் கூடாது. ஒண்ணும் செய்யாட்டி எப்படி வளருதுன்னு பாக்கத்தானே வச்சிருக்கு!"

"அது எனக்கு என்ன சார் தெரியும்? தெனம் வர்றீங்க. நீல அட்டைக்கு மருந்து அடிக்கறீங்க, போட்டோ புடிக்கறீங்க, ஸ்கேல் வச்சு அளக்கறீங்க, அதுங்ககிட்ட நின்னு இங்கிலீஷ்ல பேசறீங்க. இதுங்கள ஒருத்தரு திரும்பிப் பாக்கல. பாவம் சார், அதுங்களுக்கு யாருமே இல்ல."

அன்று மாலை சௌம்யா கதவைத் திறந்ததுமே, "மூஞ்சி ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

"சோதனை தோத்துப் போச்சுடி. நாளைக்கு டைரக்டர்ட்ட உண்மையச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. ஆனா நிதானமாச் சொல்லுங்க. தேதி ஏப்ரல் முப்பதுங்கதை மட்டும் மறந்துராதீங்க."

மறுநாள் இயக்குநர் முன்னால் போய் நின்று, சோதனை தோற்றுவிட்டது என்றான். சந்திரசேகரன் பதறவில்லை. சோதனை முடிவை எழுதுகிற படிவம் பதினான்கை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அதில் மூன்று கட்டங்கள் உண்டு: 'வெற்றி', 'பெருவெற்றி', 'உலகிலேயே முதல்முறை'.

"இதுல அப்படி ஒரு கட்டமே இல்லையே சிவஞானம்."

"அதான் சார், என்ன எழுதறதுன்னு..."

"நாம நீலத்தையே பாத்துட்டு இருந்தோம், அதான் தப்பு. வெள்ளையப் பாருங்க. ஒரு முழம் வளந்திருக்கு. அதுக்கு நாம என்ன செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யல சார்."

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அதான்யா! ஒண்ணும் செய்யல, வளந்திருக்கு! இந்த மையம் முப்பத்தோரு வருஷமா அதைத்தானே செஞ்சுட்டு வருது? இதுல நமக்கு இருக்கற அனுபவம் இந்த நாட்டுல வேற எவனுக்கு இருக்கு?"

"இல்ல சார், உண்மையில ஒண்ணும் செய்யாம இல்ல, மாடியில நம்ம கல்பகம் அக்கா..."

இயக்குநர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். சிவஞானத்தை நிரந்தர விஞ்ஞானியாக நியமிக்கும் ஆணை. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. "டெல்லியிலேர்ந்து நிபுணர் குழு மூணு வாரத்துல வருது. அவங்க முன்னாடியே உங்க கையில குடுக்கறதா இருக்கேன். ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல சார்."

உண்மையைச் சொன்னால் பழி கல்பகம் அக்கா தலையில் விழும், அவருக்காகத்தான் வாயை மூடினேன் என்று சிவஞானம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டான். நம் ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு இது கைவந்த கலை, வெட்கத்தோடு சொல்கிறேன்.

அதன் பிறகு மையம் சுறுசுறுப்பானது. கண்டுபிடிப்புக்குத் 'தெளிப்பிலாத் தொழில்நுட்பம்' என்று பெயர் வைத்தார்கள். தெளிக்காத பொருளுக்கு மாதிரி வேண்டுமே என்று பிரசாத் நான்கு காலிப் பாட்டில்களை அரக்கு வைத்து மூடி, எண் ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தார். அதில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. உள்ளே இருந்தது எவ்வளவு சிந்தியது, எஞ்சியதை மீட்க முடியுமா என்று இரண்டு நாள் விசாரணை நடந்தது. மருத்துவப் பிரிவு சும்மா இருக்குமா? சபீனா தன் விரலில் தாள் கிழித்த காயத்தில் வெள்ளை அட்டைப் பசையைத் தடவினார். மூன்று நாளில் ஆறிவிட்டது. ஒப்பீட்டுக்குப் பசை தடவாத விரலையும் பார்த்தார். அதில் காயமே இல்லை. எனவே, பசை தடவாத விரலில் எவ்விதக் காயமும் ஆறியதாகத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதினார்.

குழு வரும்வரை வெள்ளை அட்டைச் செடிகளுக்கு ஒன்றும் செய்யப்படாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். 'செயலின்மைக் குழு' என்று ஆறு பேர் நியமிக்கப்பட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று அறுபத்துநான்கு பக்கத்தில் கையேடு வந்தது. மணிக்கொரு தரம் ஒருவர் மாடிக்குப் போய், ஒன்றும் செய்யாமல், ஒன்றும் செய்யவில்லை என்று பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

குழாய்த் தண்ணீர் விடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. மூன்று மணி நேரம் கூட்டம். தண்ணீர் ஒரு பொருள், என் பிரிவைக் கேட்காமல் பொருள் போகக்கூடாது என்றார் பிரசாத். நோயாளிக்கு டிரிப்ஸ் ஏற்றினால் அது சிகிச்சையாகத்தானே கணக்கு, செடிக்கு மட்டும் என்ன விதிவிலக்கு என்றார் சபீனா. இயக்குநர் வாழ்நாளெல்லாம் துருவைப் பார்த்தவர், தண்ணீர் மேல் அவருக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. குழாயை மூடினார்கள்.

தண்ணீர் இல்லாத இடத்தில் தோட்ட வேலைக்கு ஆள் எதற்கு? கல்பகம் அக்காவை நிறுத்தும் கடிதத்தைக் கொடுக்கிற பொறுப்பு, செடிக்கு உரியவன் என்ற முறையில், சிவஞானத்துக்கே வந்தது. பதினோரு வருஷத்தை அரைப்பக்கத்தில் முடித்திருந்தார்கள். அவன் கடிதத்தைப் படித்துக் காட்டினான். காட்டும்போது ஒருமுறைகூட நிமிரவில்லை.

"சரி சார்," என்றார் அக்கா. "என் வீட்டுக்காரர் போனதிலேர்ந்து இந்த ஒரு வேலதான். பரவால்ல, போவன்பள்ளி மார்க்கெட்ல காய் பொறுக்கற வேல இருக்குதுன்னு மச்சினி சொன்னா. ஒண்ணே ஒண்ணு. சாய்ங்காலம் ஒரு வாட்டி வலைய இழுத்துவுடச் சொல்லுங்க. மேற்கு வெயிலு அதுங்களுக்கு ஆவாது."

ஏப்ரல் வெயில். ஐந்தாம் நாள் இலை தொங்கிவிட்டது. பத்தாம் நாள் பிஞ்சு கருகி உதிர்ந்தது. 'செடி வாடுகிறது, நாம் ஒன்றும் செய்யவில்லை' என்று பதிவேட்டில் மணிக்கொரு கையெழுத்து விழுந்தது. பொறுக்க முடியாமல் சிவஞானம் இயக்குநரிடம் ஓடினான்.

"சார், செடி சாகுது!"

"ஏதாவது செய்யணும்னு தோணுதா?"

"ஆமா சார்."

"எனக்கும் ஆரம்பத்துல தோணும். அந்தத் தோணலை அடக்கறதுதான் சிவஞானம், நிர்வாகம்."

குழு வருகிற நாள் காலை ஆறு மணிக்கே பிரசாத்திடமிருந்து போன். "சிவஞானம், உடனே போவன்பள்ளி போங்க. வெண்டைக்காய், நல்ல பிஞ்சா, ஒரே சைஸா, காம்போட. செடியில கட்டிரலாம். காயத்துக்குத் தையல் போடற நூலை சபீனா மேடம் தர்றாங்க." முப்பத்தோரு வருஷத்தில் மூன்று தளமும் மனப்பூர்வமாகச் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

மார்க்கெட்டில் லாரிகளும் கோணிகளும் கூச்சலுமாக இருந்தது. வெண்டைக்காய்க் குவியல்களுக்கு நடுவில் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு கல்பகம் அக்கா உட்கார்ந்து முற்றலைத் தனியாக, பிஞ்சைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிவஞானம் வேறு பக்கம் திரும்பப் பார்த்தான். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க சார்! காய் வாங்கவா? எவ்வளவு?"

"ஒரு... ஒரு பத்து கிலோ."

"வீட்டுக்கா? இத்தினியா?"

"விசேஷம் அக்கா."

அவர் எழுந்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தானே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிஞ்சாக எடுத்துப் பையில் போட்டார். விரல் நுனியெல்லாம் வெண்டைச் சுணை பட்டுச் சிவந்திருந்தது. போடும்போதே, "நம்ம வெள்ள அட்டைங்க எப்படி இருக்கு சார்? வலைய இழுத்து வுடறாங்களா?" என்று கேட்டார்.

"ம்," என்றான் சிவஞானம்.

"நல்லது. புதுசா பூ வெச்சிருக்கணுமே இந்நேரம்?"

"ம்."

பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தான். நாற்பத்தொரு வயதில், எட்டு வருஷ விஞ்ஞானி, பத்து கிலோ வெண்டைக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆட்டோவில் அழுதான் என்றால் நம்புவீர்களா? அழுதான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, காய் விலை அப்படி ஏறிவிட்டதா என்று கேட்டார்.

பதினோரு மணிக்கு நிபுணர் குழு மொட்டைமாடி ஏறியது. காய்ந்த செடிகளில் பச்சைப் பசேலென்று காய்கள் தொங்கின. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். இன்னொரு கையில் அந்த ஆணை, உறையில்.

"வேலை செய்யறவன் தப்பு செய்வான். ஒண்ணும் செய்யாதவன் மேல எந்த விசாரணைக் கமிஷனும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. இதை நான் என் பதவிக்காலம் முழுக்கப் பரிசோதனை பண்ணிப் பாத்தவன். மனுஷனுக்குச் செல்லுபடியான அந்த உண்மை, வெண்டைக்காய்க்கும் செல்லும்னு இன்னிக்கு நிரூபிச்சிருக்கோம்!"

கைதட்டல். குழுத் தலைவர் டெல்லியில் பெரிய ஆள், ஆனாலும் வீட்டுக்குக் காய் வாங்குகிற மனிதர். வெண்டைக்காயைக் கண்டால் நுனியை ஒடித்துப் பார்க்காமல் இருக்க அவர் கையால் முடியவில்லை. ஒடிக்கப் போனார். காய் மொத்தமாகக் கையோடு வந்தது. காம்பில் நீலத் தையல் நூல், இரட்டை முடிச்சு.

தலைவர் அந்த நூலை இயக்குநர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது செடியே உண்டாக்கற நார்," என்றார் இயக்குநர்.

"நுண்இழை," என்றார் பிரசாத்.

"தானாவே கரைஞ்சிரும்," என்றார் சபீனா.

சிவஞானத்தின் கண் அந்த உறையின் மேல்தான் இருந்தது. சௌம்யா ஞாபகம் வந்தது, வர்ஷினி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த இரண்டு 'ம்' ஞாபகம் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், இது போவன்பள்ளிக் காய். காலையில நான்தான் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணும் செய்யாம செடி வளரல. ஒண்ணும் செய்யாம இருந்ததாலதான் செத்துப் போச்சு. முதல்ல வளந்தது கல்பகம்னு ஒரு அம்மாவாலே. இதுங்களுக்கு யாருமே இல்லன்னு பாவப்பட்டு அரிசித் தண்ணி ஊத்தியிருக்காங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். வேலை நிரந்தரம் ஆகணும்னு சொல்லாம இருந்துட்டேன். அவங்களை வேலைய விட்டும் நாங்கதான் அனுப்பினோம்."

இயக்குநர் உறையை மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று அவன் நினைத்தான்.

குழுத் தலைவர் யோசித்தார். தமிழ் அவருக்குப் புரியும், பேச வராது. "இரக்கம்... ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு பக்கெட் சார்."

"அரிசித் தண்ணீரா, இரக்கமா?"

"ரெண்டும் ஒரே பக்கெட்தான் சார்."

தலைவர் கண்கள் பளபளத்தன. படிவம் பதினான்கை வாங்கி, 'உலகிலேயே முதல்முறை' என்ற கட்டத்தில் தானே டிக் அடித்தார். இரக்கத்தால் செடி வளர்ப்பது! இதுவரை யாரும் அளந்ததில்லை! இயக்குநர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இதைத்தான் நான் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிட்டு வரேன்," என்றார்.

அரிசித் தண்ணீரைத் தனியாக ஊற்றிப் பார்க்கலாமே என்று சிவஞானம் மெல்லச் சொன்னான். அது மிகவும் சாதாரணமாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

கல்பகம் அக்காவைத் திரும்ப அழைக்க வேண்டும். ஆனால் ஆள் எடுக்க விதியில்லை. பொருள் வாங்க விதியிருக்கிறது. எனவே பிரசாத் அவரைப் பொருட்பிரிவின் இருப்புப் பட்டியலில், 'இரக்கம், இயங்கு நிலையில், ஒன்று' என்று ஏற்றினார். மாடிப்படி மிஷினைப் போலத்தான், பட்டியலில் ஏறியதை இனி யாரும் வெளியே அனுப்ப முடியாது. நீல அட்டை அவருக்கு.

அப்புறம் கண்ட்ரோல் வேண்டுமே? செடிகளுக்குப் பக்கத்திலேயே இருந்து, இரக்கமே படாத ஓர் ஆள். "எண்பத்தேழு நாள் இந்த வெள்ளை அட்டைச் செடிகளைத் தாண்டி நடந்தும், திரும்பிப் பார்க்காதவர் யாராவது இங்கே உண்டா?" என்று கேட்டார் தலைவர். இயக்குநர், பிரசாத், சபீனா மூவரும் ஒரே நேரத்தில் சிவஞானத்தைக் கைகாட்டினார்கள். மூன்று பிரிவும் சேர்ந்து செய்த இரண்டாவது வேலை அது. அவர்களும்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல வந்தான். ஆனால் அவர்கள் கைகாட்டியதும் பொய்யில்லையே.

அன்று ராத்திரி வீட்டில், "என்ன ஆச்சு?" என்றாள் சௌம்யா.

"பட்டியல்ல ஏத்திட்டாங்க. 'ஒப்பீட்டுப் பொருள், ஒன்று.' இனி என்னை எடுக்கவே முடியாதாம்."

"அப்ப நிரந்தரம்தானே?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

"பொறவு என்ன? கையக் கழுவிட்டு வாங்க." வர்ஷினி மட்டும் தட்டிலிருந்து நிமிர்ந்து அவன் சட்டையில் குத்தியிருந்த வெள்ளை அட்டையைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவை பதில் சொல்லியிருப்பான்.

மே மாதம் புதுச் செடிகள் வந்தன. காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை சிவஞானம் வெள்ளை அட்டை வரிசை முன்னால் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். எதிர் வரிசையில் கல்பகம் அக்காவைச் சுற்றி எப்போதும் கூட்டம். அவர் நாடியைப் பிடிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பெருமூச்சு விட்டால் எழுதிக்கொள்கிறார்கள், பக்கத்தில் நின்று இங்கிலீஷில் பேசுகிறார்கள். சிவஞானத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைசி நாள் அளந்தால் போதும் என்று இருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் முற்பகல், கூட்டம் டீ குடிக்கப் போன நேரம், அவன் முன்னால் ஒரு பெரிய டம்ளர் வந்து நின்றது. மோர் விட்ட கஞ்சி, உப்புப் போட்டது, மேலே ஒரு பச்சை மிளகாய்.

"குடிங்க சார். யாரும் பாக்கல."

"அக்கா, நான் கண்ட்ரோல். எனக்கு ஒண்ணும் செய்யக் கூடாது. சோதனை கெட்டுப்போயிரும்."

"நக்கோ சார், அந்தப் பேச்செல்லாம். ஒம்பது நாளா பாத்துக்கினுதான் இருக்கேன். பாவம், உங்களுக்கு யாருமே இல்ல." சொல்லிக்கொண்டே அக்கா பச்சை வலையை அவன் தலைக்கு மேலே இழுத்துவிட்டார்.

சிவஞானம் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும், காலடியில் இருந்த வெள்ளை அட்டைச் செடிக்கு ஊற்றினான். பதினோரு மணிக்குச் செயலின்மைக் குழுவின் ஆள் பதிவேட்டோடு வந்தார். "இந்த ஒரு மணி நேரத்துல ஏதாவது நடந்துதா?"

"ஒண்ணும் நடக்கல," என்று வாயைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான் சிவஞானம்.